வெள்ளிக் கூஜாவும் இரும்பு விலங்கும்: பால்டிமோரிலும் இண்டியானாபொலிஸிலும் ஒரு கலைஞர் வரலாற்றைத் தொட்டபோது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் நகரம் வெள்ளி வேலைக்குப் பேர்போனது. தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி, வெளிப்பக்கம் பூவும் இலையும் புடைத்தெழச் செய்த கூஜாக்களும் கோப்பைகளும் 19ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துச் செல்வந்தர் வீட்டு மேசைகளில் இருந்தன. பிறகு அவற்றில் பல மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1992 ஏப்ரலில் அங்கே போனவர்கள் அந்தக் கூஜாக்களை வழக்கம்போல ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தார்கள். துடைத்து மெருகேற்றி, நல்ல வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே கறுத்த இரும்பு விலங்கு ஒன்றும் கிடந்தது. அடிமைகளுக்குப் பூட்டிய விலங்கு. பேழையின் தலைப்பு ‘உலோக வேலை, 1793–1880’. விளக்கம் என்று எதுவும் எழுதப்படவில்லை.

ஃபிரெட் வில்சன் என்ற கலைஞர் அமைத்த ‘மைனிங் தி மியூசியம்’ (அருங்காட்சியகத்தைத் தோண்டுதல்) காட்சியின் ஒரு பேழை இது. கலைக்கும் பொது வரலாற்றுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பொது வரலாறு என்று இங்கே நான் சொல்வது பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அருங்காட்சியகத்திலும் நினைவுச்சின்னத்திலும் தெருமுனைச் சிலையிலும் மக்கள் கண்முன் வைக்கப்படும் வரலாற்றை. அதே கலைஞர் பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு அமெரிக்க நகரமான இண்டியானாபொலிஸில் தொடங்கிய வேலை ஒன்று முடியாமலே கைவிடப்பட்டது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், கலைஞரிடம் வரலாற்றை ஒப்படைக்கும்போது எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பது தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

மேரிலாந்து வரலாற்றுச் சங்கம் 1844இல் தொடங்கப்பட்டது. அப்போது மேரிலாந்து அடிமை முறை நடைமுறையில் இருந்த மாநிலம். அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் பிரிந்ததால் வெடித்த உள்நாட்டுப் போரில் (1861–65) அது வடக்கோடு நின்றாலும், 1864 நவம்பரில் புதிய மாநில அரசியல் சட்டம் வந்த பிறகுதான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதே வேளையில், போருக்கு முந்தைய அமெரிக்க நகரங்களிலேயே விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மிக அதிகமாக வாழ்ந்தது பால்டிமோரில்தான். 1992ஐ எடுத்துக்கொண்டால் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஆனால் சங்கத்தின் காட்சிக்கூடங்களில் இருந்தவை நிலவுடைமைக் குடும்பங்களின் உருவப்படங்கள், அவர்கள் வீட்டு நாற்காலிகள், அவர்கள் வீட்டு வெள்ளி. சேகரித்தவர்கள் தங்கள் குடும்பப் பொருள்களைத் தாங்களே கொடுத்து, தாங்களே வரிசைப்படுத்தி வைத்த இடம் அது.

1989இல் அந்நகரில் ‘தி கன்டெம்பரரி’ என்ற நவீனக் கலை அமைப்பு உருவானது. அதற்குச் சொந்தக் கட்டடமோ சேகரிப்போ கிடையாது. நகரத்தின் வெவ்வேறு இடங்களுக்குப் போய்க் காட்சி நடத்துவதே அதன் வழக்கம். அதன் இயக்குநர் ஜார்ஜ் சிஸ்லும் காப்பாட்சியர் லிசா காரினும் ஃபிரெட் வில்சனை அழைத்தார்கள். நகரத்து அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வில்சன் தேர்ந்தெடுத்தது வரலாற்றுச் சங்கத்தை. சங்கத்தின் இயக்குநர் சார்ல்ஸ் லைல் கதவைத் திறந்துவிட்டார். கிடங்கு முழுவதையும் பார்க்கலாம், எதை வேண்டுமானாலும் எடுத்து, எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற அனுமதி அது. காட்சியின் வெற்றியில் பாதி அந்த அனுமதியில் இருக்கிறது. நிறுவனம் தன் சொந்தப் பொருள்களையே தனக்கு எதிரான சாட்சிகளாக நிறுத்த ஒப்புக்கொண்டது.

வில்சன் 1954இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். கல்லூரிக் காலத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தில் காவலராக நின்றவர். பின்னர் நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகங்களின் கல்விப் பிரிவுகளில் வேலை பார்த்தவர். 1991இல் அவர் செய்த ஒரு படைப்பில் தலையில்லாத கறுப்பு உருவப் பொம்மைகள் நான்கு நிற்கும். நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களின் காவலர் சீருடையை அவை அணிந்திருக்கும். பார்வையாளர் கண்ணில் படாமலே ஓவியத்துக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கும் மனிதரை அவர் அங்கே படைப்பாக்கினார். இந்த அனுபவம் இல்லாத ஒருவருக்கு பால்டிமோர் கிடங்கில் அந்தக் கண் வாய்த்திருக்காது. எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது, எது மேலே வருகிறது, எது பல ஆண்டுகளாக மேலே வரவில்லை என்பதை அருங்காட்சியகத்தின் உள்வேலை தெரிந்தவர்தான் கேட்பார்.

ஏறத்தாழ ஓராண்டு அவர் பதிவேடுகளையும் கிடங்கையும் துருவினார். ஊழியர்களோடும் தன்னார்வலர்களோடும் பேசினார். புதிதாகச் சிற்பம் எதையும் செதுக்கவில்லை. சங்கத்தின் பொருள்கள், சங்கத்தின் பீடங்கள், சங்கத்தின் விவரச் சீட்டு நடை, சங்கம் பயன்படுத்தும் சுவர் வண்ணங்கள், விளக்குகள் ஆகியவைதான் அவருடைய கருவிகள். கூடங்களின் சுவர்கள் சாம்பல், பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறிக்கொண்டே போகும். சிவப்பில் கோபமும் கலகமும், நீலத்தில் கனவும் சாதனையும் என்று பார்வையாளருக்கு வார்த்தையின்றியே புரியும்.

நுழைவிலேயே ஒரு கோளம். வெள்ளியும் பொன்னுமாகப் பளபளக்கும் அதன்மேல் ‘உண்மை’ என்று பொறித்திருக்கும். விளம்பரத் தொழிலில் உண்மை பேசியவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட விருது அது. அதற்கு ஒரு பக்கம் வெள்ளைப் பீடங்கள் மூன்றின்மேல் மார்பளவுச் சிலைகள்: ஹென்றி கிளே, நெப்போலியன், ஆண்ட்ரூ ஜாக்சன். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. மறுபக்கம் கறுப்புப் பீடங்கள் மூன்று. மேலே ஒன்றும் இல்லை, பெயர்கள் மட்டும்: ஹாரியட் டப்மன், ஃபிரடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானேக்கர். மூவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். டப்மன் 1849இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்ப வந்து பிறரையும் மீட்டுச் சென்றவர். டக்ளஸ் பால்டிமோர் கப்பல் துறையில் உழைத்து, 1838இல் அங்கிருந்தே தப்பிச் சென்றவர். பானேக்கர் 1731இல் விடுதலை பெற்ற குடும்பத்தில் பிறந்து, தானே கற்று வானியல் கணித்தவர். இந்த மூவருக்கும் சங்கத்திடம் ஒரு சிலை இல்லை, நெப்போலியனுக்கு இருந்தது. இல்லாத பொருளைக் காட்சிக்கு வைப்பது எப்படி என்ற கேள்வி எல்லா வரலாற்று அருங்காட்சியகங்களுக்கும் வரும். காலிப் பீடம் அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில்களில் ஒன்று. பீடம் இருந்தால் அதன்மேல் ஏதாவது இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். இல்லாதபோது ஏன் இல்லை என்று கேட்காமல் யாரும் நகர முடியாது.

ஓவியக் கூடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க வேண்டும். ஜஸ்டஸ் எங்கல்ஹார்ட் கூன் என்ற ஜெர்மானிய ஓவியர் ஏறத்தாழ 1710இல் வரைந்த உருவப்படம் அங்கே இருந்தது. பணக்காரக் குடும்பத்துச் சிறுவன் ஹென்றி டார்னல் பட்டாடையோடு, கையில் வில்லோடு நடுவில் நிற்கிறான். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒரு கறுப்பினச் சிறுவன். வேட்டையாடிய பறவையைக் கையில் ஏந்தி, தன் வயதொத்த எஜமானை அண்ணாந்து பார்க்கிறான். அவன் கழுத்தில் உலோகப் பட்டை. அமெரிக்கக் குடியேற்ற ஓவியங்களில் கறுப்பின மனிதர் ஒருவர் தென்படும் மிகப் பழைய படங்களுள் இது ஒன்று என்பார்கள். கலை வரலாற்று நூல்கள் பேசுவது டார்னலின் ஆடையையும் பின்னணித் தோட்டத்தையும் கூனின் தூரிகைத் திறனையும்தான். வில்சன் செய்தது இவ்வளவே: பார்வையாளர் கிட்டே வந்ததும் விளக்கு அந்தச் சிறுவன்மேல் விழும், ஒரு குழந்தைக் குரல் கேட்கும். நான் உன் சகோதரனா, உன் நண்பனா, நீ வளர்க்கும் செல்லப் பிராணியா?

இன்னொரு படத்துக் குழந்தை, எனக்குத் தலை வாரிவிடுவது யார், பயந்தால் தேற்றுவது யார் என்று கேட்கும். பெயரில்லாமல் ஓரத்தில் நின்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். ‘நாட்டுப்புற வாழ்க்கை’ என்று வழங்கிவந்த 1850 வாக்கிலான ஓர் ஓவியத்துக்கு வில்சன் வைத்த தலைப்பு ‘ஃபிரடெரிக் பழம் பரிமாறுகிறார்’. உல்லாசமாக அமர்ந்திருக்கும் குடும்பத்திலிருந்து, தட்டேந்தி நிற்கும் மனிதரை நோக்கிப் படம் திரும்பிவிட்டது. ஓவியத்தில் ஒரு கோடு மாறவில்லை. வேறிடத்தில் ஒரு பண்ணையின் சொத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்தார். அதில் மனிதர்கள் கால்நடைகளோடு வரிசையாக, விலை மதிப்போடு பட்டியலிடப்பட்டிருந்தார்கள். அடிமைப்பட்டவர்களின் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் இத்தகைய கணக்குப் புத்தகத்தில்தான் கிடைக்கும் என்பது வரலாற்றாய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் உருவப்படத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே பத்தடி தூரம் மட்டும் இருக்கும்போது அந்தச் செய்தி வேறு வலுவோடு வந்து சேர்கிறது.

இங்கே வரலாற்றாய்வாளரின் நியாயமான ஆட்சேபம் ஒன்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தச் சிறுவன் அப்படிக் கேட்டான் என்பதற்கு ஆதாரம் என்ன? எதுவும் இல்லை. அவன் என்ன நினைத்தான் என்பதை எந்த ஆவணமும் பதிந்து வைக்கவில்லை. ஆய்வாளர் எழுதினால் அந்த இடத்தில் மௌனம்தான் எழுத முடியும். கலைஞர் அந்த மௌனத்துக்குள் குரலை வைத்தார். அவர் வைத்தவை பெரும்பாலும் கேள்விகளாக இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவன் வேதனைப்பட்டான், வெறுத்தான் என்று அவன் சார்பில் சாட்சி சொல்லியிருந்தால் அது கற்பனைக் கதையாகியிருக்கும். கேள்வியோ படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கழுத்துப் பட்டையும் ஏறிட்ட பார்வையும்தான் அதைக் கேட்கின்றன. பொது வரலாற்றில் கலைக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற விவாதத்தில் நான் கோடு போடும் இடம் இதுதான்: ஆவணம் எழுப்பும் கேள்வியைக் கலை உரக்கக் கேட்கலாம், ஆவணம் தராத பதிலை உண்மையென்று தரக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்தால் காட்சியின் எல்லாப் பகுதிகளும் ஒரே தரமாக இல்லை. பழைய பொம்மை வீடு ஒன்றில் பொம்மைகளை மாற்றி வைத்து, அடிமைகள் கிளர்ந்தெழுவதுபோல வில்சன் ஒரு காட்சி அமைத்திருந்தார். எஜமானர்களின் அச்சத்தை அது காட்டியது உண்மை. ஆனால் அங்கே பொருள் தானாகப் பேசவில்லை, கலைஞர் அதை நடிக்கவைத்தார். ‘உலோக வேலை’ பேழையின் பக்கத்தில் அது மெலிந்து தெரிகிறது.

‘மரச்சாமான் வேலை, 1820–1960’ என்ற பகுதி அப்படிப்பட்டதல்ல. அழகிய வேலைப்பாட்டு நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் பாணி. அவை எல்லாம் ஒரே திசையை நோக்கிப் போடப்பட்டிருந்தன, நாடகம் பார்க்க வந்தவர்கள் அமர்வதுபோல. எதிரே மேடையில் நின்றது பால்டிமோர் நகரச் சிறையின் கசையடிக் கம்பம். குறுக்குச் சட்டத்தோடு சிலுவை வடிவில் நிற்கும் அந்த மரம் 1938 வரை பயன்பாட்டில் இருந்தது. மனைவியை அடிப்பவர்களைக் கசையடிக்கு ஆளாக்கும் சட்டம் மேரிலாந்தில் 1882இல் வந்தது, அதன்படிதான் கடைசிவரை அது பயன்பட்டது. ஆகவே கம்பத்தைப் பார்த்ததும் அடிமை முறையை மட்டும் நினைப்பவர் ஒரு தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு. விவரச் சீட்டு அதைத் தெளிவாக விரித்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. தச்சு வேலை என்ற ஒரே வகைக்குள் நாற்காலியும் கம்பமும் சேரும் என்ற உண்மையோ அப்படியே நிற்கிறது. யார் உட்கார்ந்தார்கள், யார் கட்டப்பட்டார்கள் என்று வகைப்பாட்டு அட்டை ஒருபோதும் கேட்பதில்லை.

போக்குவரத்துப் பகுதியில் பல்லக்கும் கப்பல் மாதிரியும் இருந்தன, கூடவே ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும். குழந்தையின் விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரின் வெள்ளைத் தலைமூடி மடங்கிக் கிடந்தது. அருகே, வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட கறுப்பினப் பெண்களின் புகைப்படம். வெறுப்பு எங்கே பழக்கப்படுகிறது, அந்த வண்டியைத் தள்ளியது யார் என்பது பற்றி அந்த ஒரு வண்டி சொன்னதை நான் ஒரு பக்கத்தில் எழுத முடியாது. சுருட்டுக் கடை வாசல்களில் நின்ற செவ்விந்திய மரப் பொம்மைகளைப் பார்வையாளருக்கு முதுகு காட்டி நிறுத்தினார். அவை பார்த்துக்கொண்டிருந்தது மேரிலாந்தின் பூர்வகுடி மக்களின் உண்மைப் புகைப்படங்களை. நீலக் கூடத்தில் அடிமைப்பட்டவர்கள் கைப்படச் செய்த பொருள்களும், பானேக்கரின் வானியல் குறிப்பேடும் இருந்தன. அடிமை வைத்திருப்பவர் விடுதலை பேசுவது முரண் என்று அன்று வெளியுறவுச் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு 1791 ஆகஸ்டில் நேரடியாகக் கடிதம் எழுதியவர் இந்தப் பானேக்கர். வலியில் தொடங்கிய காட்சியை அறிவிலும் உழைப்பிலும் கொண்டுவந்து முடித்தது வில்சனின் முதிர்ச்சி.

இனி அந்த முதல் பேழைக்கான மறுப்பு. கூஜா செய்தவரும் விலங்கு செய்தவரும் ஒருவரல்லர். கூஜாவை வாங்கிய குடும்பம் அடிமை வைத்திருந்ததா என்பதற்குப் பேழையில் சான்று இல்லை. வெள்ளிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நிறுவும் கணக்கும் இல்லை. அருகருகே வைப்பதால் காரணமும் விளைவும் நிரூபணமாகிவிடாது என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பேழை கூறுவது வேறொன்று. ஒரே ஊரின், ஒரே காலத்தின் இரண்டு உலோகப் பொருள்கள் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒன்று கண்ணாடிக்குள், மற்றது கிடங்கில். யாரோ ஒருவர் அப்படி முடிவு செய்தார். அந்த முடிவு எங்கேயும் எழுதப்படவில்லை, அதனால் அதை யாரும் மறுக்கவும் முடியாமல் இருந்தது. வில்சன் காட்டியது இந்த முடிவைத்தான். அதற்குச் சான்று அந்த அருங்காட்சியகமே.

கட்டுரையும் ஆய்வு நூலும் இதைச் செய்திருக்க முடியாதா? மேரிலாந்தின் அடிமை முறை பற்றி 1992க்கு முன்பே ஆழமான ஆய்வுகள் வந்துவிட்டன. தகவல் புதிதல்ல. ஆனால் நூலைப் படிப்பவர் நூலைத் தேடிப் போனவர். அருங்காட்சியகத்துக்கு வருபவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, அழகான பழம்பொருள் பார்க்க வந்தவர். அவர் கண் பழகிய அதே நடையில், அதே சாந்தமான தலைப்பு எழுத்தில், விலங்கு அவரைச் சந்திக்கிறது. நம்பகமான குரலில் வழக்கத்துக்கு மாறான செய்தி. வில்சன் ஆத்திரமாக நாலு வரி எழுதி ஒட்டியிருந்தால், பிடிக்காதவர் அந்த நாலு வரியோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பார். சீட்டு ஒன்றும் சொல்லாததால் சண்டைக்கு ஆளில்லை, பார்த்தவர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

காட்சி 1993 பிப்ரவரி வரை நீடித்தது. ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், சங்கத்தின் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம். பார்வையாளர்களிடம் கருத்துப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். நன்றி சொன்னவர்களும் உண்டு, இது வெறுப்பை வளர்க்கும் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. 1992இல் அமெரிக்க அருங்காட்சியகங்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடு பால்டிமோரிலேயே நடந்ததால் நாடெங்கிலுமிருந்து வந்த அருங்காட்சியக ஊழியர்கள் அதை நேரில் பார்த்தார்கள். அதனால்தான் இந்த ஒரு காட்சி அத்தனை வேகமாகப் பரவியது. 1993இல் சியாட்டில், 2005இல் டார்ட்மத் கல்லூரி அருங்காட்சியகம் என்று வில்சன் தொடர்ந்து பல சேகரிப்புகளில் வேலை செய்தார். 1999இல் மெக்ஆர்தர் நிதிநல்கை, 2003இல் வெனிஸ் பைனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கு என்று அங்கீகாரமும் வந்தது.

அந்தப் பரவலில் ஒரு தீங்கும் கலந்து வந்ததை மறைக்கக் கூடாது. ‘கலைஞரை அழைத்துச் சேகரிப்பைக் கலைத்துக் காட்டுவது’ பல நிறுவனங்களுக்கு ஒரு வழிமுறையாகவே ஆகிவிட்டது. கலைஞர் வருவார், கேள்வி கேட்பார், பத்திரிகைகள் பாராட்டும், காட்சி முடியும், பொருள்கள் பழைய இடத்துக்குத் திரும்பும். பதிவேட்டின் வகைப்பாடு மாறாது. அறங்காவலர் குழு மாறாது. கிடங்குக் கதவைத் திறக்கும் அதிகாரம் அதே கைகளில் இருக்கும். பெரும்பாலும் கறுப்பினத்தவராகவோ பூர்வகுடியாகவோ இருக்கும் ஒரு விருந்தாளி, நிறுவனம் தானே செய்ய வேண்டிய சுயவிசாரணையைச் சில மாதங்களுக்குச் செய்துகொடுத்துவிட்டுப் போகிறார். நிரந்தரக் காட்சியை மாற்றி எழுதும் பொறுப்பு காப்பாட்சியர்களுடையது. அதைக் கலைஞரின் தலையில் கட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சங்கத்தின் கட்டடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி மவுன்ட் வெர்னன் சதுக்கம். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானியின் வெண்கலச் சிலை அங்கே 1887 முதல் இருந்தது. வில்சனின் காட்சி நடந்த மாதங்களிலும் இருந்தது. சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகளின் பேரணியில் வன்முறை நடந்து நான்கே நாளில், 2017 ஆகஸ்ட் 16 அன்று, இரவோடு இரவாக அதையும் வேறு மூன்று நினைவுச்சின்னங்களையும் நகர நிர்வாகம் அகற்றியது. மாநிலத் தலைநகர் அன்னபொலிஸில் இருந்த டானி சிலையும் அதே வாரம் போனது. 2020 பிப்ரவரியில் அங்கே மாநில மாளிகையில், 1864இல் அடிமை முறையை ஒழித்த அதே கூடத்தில், டப்மனுக்கும் டக்ளஸுக்கும் வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். இவற்றை வில்சனின் காலிப் பீடங்களின் விளைவு என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் இறங்கிப் போராடியவர்களின் உழைப்பு அது. ஆனால் அருங்காட்சியகத்துக்குள் ஒரு பொருளை இடம் மாற்றுவதற்கும் தெருவில் ஒரு சிலையை இடம் மாற்றுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த இருபத்தைந்து ஆண்டுகள் காட்டுகின்றன.

அந்தத் தூரத்தை வில்சன் நேரில் அறிந்தது இண்டியானாபொலிஸில்.

அந்நகரின் நட்டநடுவில் போர்வீரர்கள், மாலுமிகள் நினைவுத்தூண் நிற்கிறது. 1902இல் அர்ப்பணிக்கப்பட்ட அது 284 அடிக்கும் மேல் உயரமானது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ ஷ்மிட்ஸ் வடிவமைத்தார், சிற்பங்களை ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் செதுக்கினார். அதன் ‘அமைதி’ சிற்பத் தொகுதியில் சட்டையில்லாத கறுப்பின மனிதர் ஒருவர் கீழே அமர்ந்து, அறுந்த சங்கிலியை விடுதலைத் தேவியை நோக்கி உயர்த்துகிறார். விடுதலை அவருக்கு மேலிருந்து தரப்பட்ட ஒன்றாகத் தெரிகிறது. நகரத்தின் பண்பாட்டு நடைபாதைத் திட்டத்துக்கு 2007இல் வில்சனை அழைத்தபோது அவர் தேர்ந்தெடுத்தது இந்த மனிதரை. அவருடைய உருவத்தைத் தூணிலிருந்து பிரித்து, தனியாக மறுபடி செதுக்கி, திசை மாற்றி, நிமிர்ந்து உட்காரவைத்து, சங்கிலிக்குப் பதில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அனைவருக்குமான கொடி ஒன்றைக் கையில் கொடுத்து, நகர நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் வைப்பது திட்டம். ‘ஈ ப்ளூரிபஸ் யூனம்’ (லத்தீனில் ‘பலவற்றிலிருந்து ஒன்று’) என்று பெயர்.

பால்டிமோர் முறைதான் இதுவும். இருக்கும் ஒன்றை எடுத்து இடம் மாற்றினால் அர்த்தம் மாறும். ஆனால் 2010இல் நகரத்துக் கறுப்பின வார இதழான ‘இண்டியானாபொலிஸ் ரெக்கார்டர்’ பத்திரிகையில் ஒரு வாசகரின் கடிதம் வந்தது. அதன்பின் எதிர்ப்பு வளர்ந்தது. சட்டையும் செருப்பும் இல்லாத இன்னொரு அடிமை உருவம் எங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். நகரின் பொது இடங்களில் கறுப்பின மக்களைக் காட்டும் சிலைகள் மிகச் சில. அந்தச் சிலவற்றோடு புதிதாக ஒன்று வரும்போது அதுவும் அடிமைதானா? ஆதரித்தவர்களும் அதே சமூகத்தில் இருந்தார்கள், வில்சனும் நேரில் வந்து விளக்கினார். 2011 முழுக்கப் பொதுக் கூட்டங்கள் நடந்தன. அந்த ஆண்டு டிசம்பரில், திட்டத்தை நடத்திய சமூக அறக்கட்டளை சிலையைக் கைவிடுவதாக அறிவித்தது.

கலை தெரியாத மக்கள் நுட்பத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். அருங்காட்சியகத்தில் கூஜாவும் விலங்கும் ஒரே பேழையில் இருந்தன. மாற்றத்தைப் பார்க்க இரண்டும் கண்முன் இருந்தன. இண்டியானாபொலிஸிலோ தூண் ஓரிடத்தில், புதிய சிலை பல தெரு தள்ளி. காலையில் அலுவலகம் போகிறவர் எதிரே காண்பது சட்டையில்லாத மனிதர் ஒருவரை மட்டுமே, அவர் எதிலிருந்து எழுந்து வந்தார் என்பதை அல்ல. அருங்காட்சியகக் காட்சி மாதக்கணக்கில் முடியும், விருப்பமுள்ளவர் உள்ளே வருவார். கல்லில் செதுக்கியது தலைமுறை தலைமுறையாக எல்லோர் பாதையிலும் நிற்கும், அந்த நிர்வாகக் கட்டடத்தில் அப்போது இயங்கிய நீதிமன்றத்துக்கு வரும் கறுப்பின இளைஞன் பாதையிலும். பால்டிமோரில் வில்சன் நிறுவனத்தைப் பார்த்து, உங்கள் காட்சியில் நாங்கள் எந்த உருவத்தில் இருக்கிறோம் என்று கேட்டார். இண்டியானாபொலிஸ் மக்கள் அவரைப் பார்த்துக் கேட்டதும் அதே கேள்விதான். கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

தவறு எங்கே நடந்தது என்று கேட்டால் கலைஞரைவிட நடைமுறையையே நான் குறை சொல்வேன். கலைஞரைத் தெரிவு செய்து, உருவம் தீர்மானமாகி, இடமும் முடிவான பிறகுதான் ஊர்க்கூட்டம் பெரிதாகக் கூடியது. பால்டிமோரில் ஓராண்டு பொருள்களோடும் ஊழியர்களோடும் செலவழித்தது போல, இங்கே அந்த ஓராண்டை மக்களோடு முதலிலேயே செலவழித்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் வேறு பெயர்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்நகரில் பிறந்து 1899இல் உலக மிதிவண்டிப் பந்தய வாகையரான மேஜர் டெய்லர், அங்கே தொழிற்சாலை நடத்திய மேடம் சி. ஜே. வாக்கர், அங்கே திரட்டப்பட்டு உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைப்பிரிவு என்று பொருத்தமானவை பல உண்டு. அந்தப் படைவீரர்களை நினைத்தால், சங்கிலியை உயர்த்திக் காட்டி விடுதலைக்குக் காத்திருக்கும் மனிதர் என்ற 1902ஆம் ஆண்டுக் கற்பனையே பொய் என்பது விளங்கும். வில்சன் அந்த மனிதரை நிமிர்த்த நினைத்தார். மக்கள் அவரை விட்டுவிட்டு, துப்பாக்கி ஏந்தி நின்றவரைக் கேட்டிருக்கலாம். 2021இல் நகர மையத்தில் மேஜர் டெய்லருக்குப் பல மாடி உயரச் சுவரோவியம் ஒன்று வந்தது, அந்தப் படைப்பிரிவுக்கும் அதே அளவு இடம் கொடுக்க அங்கே இன்னும் சுவர்கள் இருக்கின்றன.